ஒலி ஒத்தால் உறவாகுமா?

அமெரிக்க நாட்டின் தென்னசி மாநிலத்து வடகிழக்கு மலைகளிலும், அதனை அடுத்த வர்சீனியா, கெண்டக்கி மலைப்பகுதிகளிலும் வாழ்ந்துவரும் மக்கட் கூட்டம் ஒன்றிற்கு 'மெலஞ்சன்' என்று பெயர். அப்பெயர் அவர்கள் தாமே சூடிக்கொண்டதன்று. அண்டை அயலார் எறிந்த வசைப்பெயர். 1813-ஆம் ஆண்டிலேயே வர்சீனியாவின் கிறித்தவத் திருச்சபை ஒன்றன் குறிப்பேட்டில், குற்றச்சாட்டு ஒன்றன் இடையே அச்சொல் வந்துள்ளது.

கலப்பு எனப் பொருள்படும் 'மெலாஞ்சு' என்னும் பிரெஞ்சுச் சொல்லே இதன் வேர் என்பது நெடுநாள் விளக்கம். ஆப்பிரிக்கரும் ஐரோப்பியரும் கலந்த குடிவழியினர்க்கு இப்பொருள் பொருந்துகின்றது. ஆயினும், இசுக்காட்லாந்தின் நிலப்படத்தை விரித்து, 'மெயல்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க கேலிக் மொழி மலைப்பெயர்களைக் காட்டி, வேர் அங்கே உள்ளது என்பாரும் உளர். மெயல் கார்வ், மெயல் நன் தார்மகன் என அத்தகைய பெயர்கள் அங்குப் பலவே. ஆயின் அவை காட்டுவது என்ன?

முதலாவது, அச்சொல்லின் பொருள் உருண்ட குன்று, கலப்பன்று, மக்களுமன்று. இரண்டாவது, கேலிக் மக்கள் அதனை 'மியௌல்' என்பது போன்றே ஒலிப்பர். ஒப்புமை மையில் உள்ளதேயன்றி வாயில் இல்லை. மூன்றாவது, அப்பலாச்சிய மலைகளில் திரளாகக் குடியேறிய அல்சுட்டர் இசுக்காட்டியருட் பெரும்பாலோர் தாழ்நிலத்தார் வழியினர், கேலிக் பேசியவரல்லர். பொருளும் இல்லை, ஒலியும் இல்லை, கொண்டுவந்தோரும் இல்லை. எஞ்சுவது ஆசை ஒன்றே!

அவ்வாசை எங்கிருந்து எழுந்தது? 1834-இல் தென்னசியின் அரசியற் சட்டம் நிறத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்களித்த குற்றத்திற்காக மெலஞ்சன் குடியினர் 1846-இல் வழக்குமன்றம் ஏற்றப்பட்டனர். 1924-இல் வர்சீனியா இனத்தூய்மைச் சட்டம் இயற்றிற்று. அம்மாநிலப் பிறப்பிறப்புப் பதிவாளர் வால்ட்டர் பிளெக்கர், 1943-இல் இக்குடிகளின் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டு அலுவலர்க்கு அனுப்பினார். 1967-இல்தான் உச்சநீதிமன்றம் கலப்புமணத் தடையை வீழ்த்தியது. அச்சத்தால் தம்மைப் போர்த்துக்கீசியர் என்று சொல்லி ஒதுங்கியோரைப் பழித்தல் அறமன்று. அச்சம் நீங்கிய பின்னும் வெள்ளை மலையொன்றைத் தேடிப் பெயர்க்கு வேராக்குதலோ, பழைய இழிவுக்கு மீண்டும் தலைவணங்குதலே ஆகும். 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அக்குடிகளுட் பலவற்றின் தந்தைவழி ஆப்பிரிக்காவையும் தாய்வழி ஐரோப்பாவையும் சாரும் என்று காட்டிற்று. அதில் நாணத்தக்கது யாது?

பிரெஞ்சு விளக்கமும் முடிந்த முடிபன்று. உடன்கலத்தோன் எனப் பொருள்படும் 'மலுங்கு' என்னும் அங்கோலச் சொல்லைக் காட்டுவோரும் உளர். எது வெல்லினும், பொருளும் வழக்காறும் மக்கள் வந்த வழியும் கொண்டே வெல்லல் வேண்டும்.

இவ்வளவுகோல் அயலார்க்கு மட்டும் உரியதன்று. 'மெயல்' என்பதைக் கண்டதும் 'மேல்' என்று துள்ளும் தமிழன்பரும் இதே துலையில் நிற்றல் வேண்டும். பொய் வேரால் தமிழ் உயர்வதில்லை. பகைவர் நகைக்க இடமே உண்டாகும். ஒலி வழிகாட்டலாம், தீர்ப்புக் கூறலாகாது.