கல்லூரி மாணவ, மாணவியரின் ஸ்கூட்டி பயணப் பாதுகாப்பு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
கடலூர், சிதம்பரம் வட்டாரக் கல்லூரி மாணவ, மாணவியரின் பெற்றோர் சங்கத்தினர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, கடலூர்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் கோட்டம்.

பொருள்: ஸ்கூட்டியில் கல்லூரி சென்று வரும் மாணவ, மாணவியரின் பாதுகாப்பு – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் நாடு முழுவதும் ரயில்வே கேட்டுகள் சோதிக்கப்பட்டன. அது சரியே. ஸ்கூட்டியில் போகிற பிள்ளைகளோ ஒவ்வொருவராக விழுகிறார்கள். நாலு வரிச் செய்தியோடு அது முடிந்துபோகிறது. அதற்காக விழுந்த இடத்துச் சாலையை யாரும் அளந்து பார்த்து நாங்கள் கண்டதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழகத்துக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்த 100 பேரில் ஏறக்குறைய 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை சாலையைப் பற்றியது. மோட்டார் சைக்கிளின் சக்கரம் 17 அல்லது 18 அங்குலம். ஸ்கூட்டிக்குப் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம்தான். பஸ் குலுங்கிக் கடக்கிற, பைக் ஏறி இறங்குகிற அதே பள்ளத்தில் ஸ்கூட்டியின் முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் திரும்பிவிடும். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது பயந்து ஓரம் ஒதுங்கும் பெண் பிள்ளைக்குத் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள நாலு விரற்கடை இறக்கமே எமன். கடலூர் – சிதம்பரம் சாலையிலும், தேவனாம்பட்டினம், அண்ணாமலை நகர், சி.முட்லூர் கல்லூரிகளுக்குச் செல்லும் சாலைகளிலும் ஓர இறக்கம், பள்ளம், மணல் படிவு ஆகியவற்றை ஸ்கூட்டி சக்கரத்தை அளவாக வைத்து ஆய்வு செய்ய வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்குள் இதைச் செய்ய வேண்டுகிறோம். பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் அதன் ஆழம் யாருக்கும் தெரியாது. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயப்போடுவதும் உண்டு. விவசாயிகளை நாங்கள் குறை சொல்ல வரவில்லை, எங்களில் பாதிப் பேர் விவசாயிகள்தான். அவர்களுக்குப் போதிய உலர்களம் அமைத்துக் கொடுங்கள் என்கிறோம்.

கரும்பு வெட்டுக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையிலும் சேத்தியாத்தோப்பு சாலையிலும் ஆலைக்குப் போகும் டிராக்டர்களில், டிரெய்லரின் பின்விளக்கையும் மறைத்துக்கொண்டு கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். மாலை மங்கிய பிறகு பின்னால் வரும் பிள்ளைக்கு அது கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டாத டிரெய்லரை ஆலை வாசலிலேயே நிறுத்தி, ஒட்டிய பிறகு அனுப்ப உத்தரவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

எங்கள் தவறையும் மறைக்கவில்லை. பிளஸ் டூ முடித்து முதலாண்டு சேரும் பலருக்கு வயது 17. அந்த வயதில் 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமம் கிடையாது. கடையில் விற்பதோ 110ம் 125ம். தெரிந்தே சாவியைக் கொடுக்கிறோம். 18 நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்பது எங்களில் பலருக்குச் சங்கக் கூட்டத்தில்தான் தெரிய வந்தது. ஆனால் சாவியை ஏன் கொடுக்கிறோம்? காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, கிராமத்து நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை, நின்றால் ஏற இடமில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்ல திட்டம்; பஸ் வந்தால்தானே பயன்? கல்லூரி நேரத்துக்குக் கூடுதல் பேருந்து விடுவதும் விபத்துத் தடுப்பு வேலையே எனக் கருதுகிறோம்.

உரிமத் தேர்வில் எட்டு போடச் சொல்கிறார்கள். மெதுவாக, காலை ஊன்றாமல் சுற்றி வந்தால் போதும். மணலில் முன்பிரேக்கை இறுக்கினால் வண்டி சறுக்கும் என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளில் இரு சக்கரத்துக்கும் சேர்ந்த பிரேக் கட்டாயமாகிவிட்டது. பிள்ளைகள் கைக்கு வருவதோ பெரும்பாலும் அப்பா ஓட்டிக் கழித்த பழைய வண்டி. எனவே 18 நிரம்பியவர்களுக்குக் கல்லூரியிலேயே எல்.எல்.ஆர். முகாமும் பிரேக் பயிற்சியும் நடத்தக் கோருகிறோம். துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் கட்டும் முறையையும் அதில் சொல்லித் தர வேண்டும்.

2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் இங்கே கண்டிப்பானது. 1,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால், வகுப்பில் வைக்க இடமில்லை, வண்டியில் மாட்டினால் காணாமல் போகிறது என்கிறார்கள். சாக்கு என்று தள்ளிவிடலாம்; ஒவ்வொரு கல்லூரி வண்டி நிறுத்தத்திலும் பூட்டக்கூடிய அடுக்கு ஒன்று வைத்துவிட்டால் அந்தச் சாக்கும் இருக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் சாலையோரத்தில் விற்பவர்கள் மீதும் நடவடிக்கை தேவை.

பிச்சாவரம், சில்வர் பீச் சாலைகளில் விடுமுறை நாட்களில் மூன்று பேராகப் பறப்பவர்களைக் காவல்துறை பிடிக்கட்டும். நாங்கள் சிபாரிசுக்கு வரமாட்டோம்.

விழுந்தவரை முதல் 48 மணி நேரம் இலவசமாகக் காக்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் பெயர், தொலைபேசி எண்களைக் கல்லூரி வாசலில் பலகையாக வைக்கக் கோருகிறோம்.

அடுத்து நடக்கும் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இம்மனுவைப் பொருளாகச் சேர்த்து, எங்கள் பிரதிநிதிகள் இருவரையும் இரண்டு மாணவியரையும் அழைக்குமாறும், சாலை ஆய்வு தொடங்கும் நாளை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

இணைப்பு: பெற்றோர், மாணவர் கையொப்பப் படிவங்கள்.