‘கேசிஐ பேப்பர்’ இருந்தா போதுமா? நாய்க்குட்டி வாங்கும்போது அந்தச் சான்றிதழ் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

“பேப்பரோட ஒரு ரேட், பேப்பர் இல்லாம ஒரு ரேட்.” நாய்க்குட்டி வாங்க விசாரிக்கும் பலருக்கும் முதல் போன் காலிலேயே கிடைக்கும் பதில் இது. லாப்ரடாரோ, ராஜபாளையமோ, இரண்டு விலைக்கும் நடுவே சில ஆயிரங்கள் வித்தியாசம் இருக்கும். கூடுதல் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் கொடுக்கிறார்கள்: ‘பேப்பர் இருக்கு, அப்போ நல்ல நாய்தான்.’

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பேப்பர் குட்டியின் பரம்பரையைச் சொல்லும். அதன் காது கேட்குமா, இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா, மூச்சு சீராக வருமா என்பதைச் சொல்லாது.

முதல் முறை நாய் வளர்ப்பவரிடம் இன்று காகிதங்கள் குறைவில்லை. சென்னையில் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் வேண்டும். 2025-ல் அதோடு மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது. தடுப்பூசி அட்டை தனி. இதற்கு மேல் கேசிஐ சான்றிதழ். உரிமம் ‘இந்த நாய்க்கு உரிமையாளர் யார்’ என்பதற்கு, சிப் அடையாளத்துக்கு, தடுப்பூசி அட்டை தொற்றுநோய்ப் பாதுகாப்புக்கு. பரம்பரை நோய்கள் இந்த நான்கில் எதிலுமே வராது. வாங்குபவர் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

பேப்பரில் என்ன இருக்கும்?

கேசிஐ என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. நாய் குட்டி போட்டதும், வளர்ப்பவர் (பிரீடர்) அந்த ஈற்றைக் கிளப்பில் பதிவு செய்கிறார். ஒவ்வொரு குட்டிக்கும் பதிவு எண்ணும் மைக்ரோசிப் எண்ணும் கிடைக்கும். சான்றிதழில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று முன்னோர் பெயர்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஷோவில் பட்டம் வாங்கிய முன்னோர் இருந்தால் அவர் பெயரோடு ‘சாம்பியன்’ என்ற அடையாளமும் வரும்.

பெற்றோர் விவரம் தெரியாத நாயையும் பதிவு செய்ய வழி உண்டு. தோற்றம் அந்த இனத்துக்குப் பொருந்துகிறதா என்று ஆய்வு செய்து பதிவார்கள். ஆனால், முன்னோர் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும். இது மோசடி அல்ல. நாட்டு இனங்களுக்குப் பல நேரங்களில் இதுதான் நுழைவாயில். ஆனால் ‘கேசிஐ பேப்பர் இருக்கு’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வகையும் அடங்கிவிடும். விற்பவர் எதைச் சொல்கிறார் என்பது சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கட்டங்களை எப்படிப் படிப்பது? ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் ஒரே நாயாக இருந்தால், குட்டியின் பெற்றோர் ஒருவருக்கொருவர் உடன்பிறப்பு முறை.

‘சொந்தத்துல கல்யாணம் பண்ணா குழந்தைக்குப் பிரச்சினை வரும்’ என்று டாக்டர்கள் எச்சரிப்பது நம் ஊரில் எல்லோரும் கேட்டதுதான். அதே கணக்கு நாய்க்கும் பொருந்தும். மரபியலில் இதற்கு ஓர் அளவீடு இருக்கிறது. மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் குழந்தைக்கு 6.25 சதவீதம், தாய்மாமன், அக்கா மகள் திருமணத்தில் 12.5 சதவீதம். அதாவது, அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் ஒரே மூதாதையின் அதே மரபணுப் பிரதி வந்து சேரும் வாய்ப்பு அவ்வளவு. நாய்களில் அப்பாவையும் மகளையும், அல்லது ஒரே ஈற்று அண்ணன் தங்கையைச் சேர்த்தால் இது 25 சதவீதம். ‘டைப்’ கெடாமல் இருக்க வேண்டும் என்று இப்படிச் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டனின் கென்னல் கிளப், 2008-ல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு, 2009-ல்தான் இத்தகைய ஈற்றுகளைப் பதிவு செய்வதை நிறுத்தியது.

‘சாம்பியன் லைன்’ என்றால்?

விளம்பரங்களில் அதிகம் அடிபடும் சொல் இது. நாய்க் கண்காட்சியில் நடுவர் நாய்களை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுவதில்லை. அந்த இனத்துக்கென்று எழுதி வைத்திருக்கும் இலக்கணத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுகிறார். பல் வரிசை, முதுகுக் கோடு, கால் அமைப்பு, நடை, அந்நியர் கை வைத்தால் நாய் எப்படி நிற்கிறது என்பதெல்லாம் பார்க்கப்படும். ஒரு நாய்க்கு ஓரிரு நிமிடம்தான். அதற்குள் நல்ல நடுவர் நிறையவே கண்டுபிடித்துவிடுவார். ஆனால், அவர் கையில் எக்ஸ்ரே கருவி கிடையாது. இடுப்பு மூட்டு லேசாகப் பழுதான ஜெர்மன் ஷெப்பர்ட், இளம் வயதில் வளையத்துக்குள் அழகாகவே ஓடும்.

ஷோவால் வரும் இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாதது. ஒரு ஆண் நாய் பெரிய பட்டம் வாங்கியதும் மேட்டிங்குக்கு அதைத் தேடித்தான் எல்லோரும் வருவார்கள். கட்டணமாகப் பணம், அல்லது ஈற்றில் ஒரு குட்டி. அந்த நாயிடம் வெளியே தெரியாத ஒரு குறைபாட்டு மரபணு இருந்தால், அதன் குட்டிகளில் பாதிக்கு அது போய்ச் சேரும். முதல் தலைமுறையில் எதுவும் தெரியாது. பத்து வருடம் கழித்து அந்த வட்டாரத்தில் எந்த இரண்டு நாயைச் சேர்த்தாலும் அவை அதே சாம்பியனின் பேரன், பேத்தியாக இருக்கும்போதுதான் நோய் தலைகாட்டும். ‘சாம்பியன் லைன்’ நல்லதா கெட்டதா என்பதை விட, அந்தச் சாம்பியனுக்கு ஊரில் ஏற்கெனவே எத்தனை ஈற்று இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ராஜபாளையம்: வெள்ளை நிறத்தின் விலை

நாட்டு நாய் என்றால் நோயே வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் இனத் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதும் கவனம் இன்னும் கூடியது. உள்ளூர் இனங்களுக்குக் கிடைத்த இந்த மரியாதை நியாயமானதுதான். நம் வெயிலைத் தாங்கும் உடல்வாகு அவற்றுக்கு உண்டு. ஆனால், ராஜபாளையத்துக்கு ஒரு பழைய பலவீனம் இருக்கிறது: பிறவிச் செவிட்டுத்தன்மை.

காரணம் நிறத்தோடு தொடர்புடையது. உட்காதில் நிறமி செல்கள் ஒரு வேலை செய்கின்றன. ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் உயிரோடு இருக்க அவை தேவை. தோலிலும் முடியிலும் நிறமி செல்கள் இல்லாத தீவிர வெள்ளை நாய்களில், சில நேரம் காதுக்குள்ளும் அவை இருப்பதில்லை. அப்படியானால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும். டால்மேஷனிலும் இதே கதைதான். ராஜபாளையம் என்றால் தூய வெள்ளை, ரோஸ் நிற மூக்கு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளை ஒதுக்கினார்கள். வாங்குபவர் விரும்பிக் கேட்ட அந்த வெள்ளைதான் சில குட்டிகளின் காதைப் பறித்தது.

இரண்டு காதும் கேட்காத குட்டியை ஓரளவு கண்டுபிடிக்கலாம். தூங்கும்போது சத்தம் போட்டாலும் எழாது. கூடப் பிறந்தவை ஓடினால் அதைப் பார்த்து ஓடும். பின்னால் நின்று, காற்றோ அதிர்வோ படாமல் ஒலி எழுப்பிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அது சாதாரணமாகவே வளரும். ஆனால், அதை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினால் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடும். உறுதியாகத் தெரிய ‘பேர்’ எனப்படும் சோதனை இருக்கிறது. ஒலிக்கு மூளை நரம்பு தரும் மின் அலையைப் பதிவு செய்யும் முறை. ஐந்து, ஆறு வாரக் குட்டிக்கே செய்யலாம். எல்லா கிளினிக்கிலும் இந்தக் கருவி இருக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிப்பது நல்லது.

டால்மேஷன் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. யூரிக் அமிலத்தைச் சரியாகக் கையாளும் மரபணு, தூய டால்மேஷன் இனத்தில் முற்றிலும் தொலைந்துபோனது. அதனால் அவற்றுக்குச் சிறுநீர்க் கல் வரும் ஆபத்து அதிகம். இனத்துக்குள் எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் தீராது. இல்லாத மரபணுவை எங்கிருந்து எடுப்பது? 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டால்மேஷனை பாயின்டர் இன நாயோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். அதன் வாரிசுகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடு சேர்த்து, அந்த ஒரு மரபணுவை மட்டும் உள்ளே கொண்டுவந்தார். பார்க்க அச்சு அசல் டால்மேஷன். இருந்தும் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றைப் பதிவு செய்ய 2011 வரை ஆனது. ‘தூய ரத்தம்’ என்ற சொல்லுக்காக நாய்கள் கொடுத்த விலை கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

பக், ஹஸ்கி வாங்கலாமா?

2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரம் பக் நாயை இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்தது. நாய் தன் உடல் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். மூக்கே நசுங்கிப்போன நாய்க்கு அதுதான் கஷ்டம். தூங்கும்போது குறட்டை விடுவது ‘க்யூட்’ அல்ல. மூச்சுப்பாதை அடைப்பின் அறிகுறி. ஹஸ்கிக்குப் பிரச்சினை வேறு, அதன் இரட்டை முடிப் போர்வை. தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவை என்று பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட இனங்களைப் பட்டியலிட்டது இதனால்தான். மே மாதத்தில் சென்னை அபார்ட்மென்ட்டில் 24 மணி நேரமும் ஏசி ஓட விட முடியாது என்றால், இந்த இனங்களை விட்டுவிடுவதே சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் இருக்கின்றன. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. விற்கும் முன் மைக்ரோசிப் கட்டாயம்.

‘குட்டிக்கு 35 நாள் ஆச்சு, வந்து எடுத்துக்கோங்க’ என்று சொல்பவர் விதியை மீறுகிறார். பலர் இதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புசக்தி குறைந்து, தடுப்பூசியின் பலன் முழுதாக வராத வாரங்களில்தான் பார்வோ வைரஸ் தாக்கும். அந்த வாரங்களில் இடம் மாற்றி, பயணம் செய்யவைத்தால் ஆபத்து இரட்டிப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போக வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்றாவது மாதத்தில்.

பிரீடரிடம் என்ன கேட்பது?

முதலில், “அம்மாவைக் காட்டுங்க.” வாட்ஸ்அப் போட்டோ வேண்டாம், நேரில். அம்மாவைக் காட்ட மறுப்பவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. அம்மா பயந்து நடுங்கினாலோ, காரணமில்லாமல் சீறினாலோ, குட்டியின் குணமும் அதன் பக்கம் சாய வாய்ப்பு உண்டு.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் பெற்றோர் இருவரின் இடுப்பு எக்ஸ்ரே முடிவு. குட்டிக்கு எடுத்துப் பயனில்லை. மூட்டு வளர்ந்த பிறகு, ஒன்றிரண்டு வயதில்தான் சரியாகத் தெரியும். ராஜபாளையம், டால்மேஷன் என்றால் காது சோதனை. பக் என்றால் பெற்றோரைப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். ‘இதெல்லாம் யாரும் கேட்டதில்லையே’ என்று பிரீடர் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். கேட்பவர்கள் இல்லாததால்தான் சோதனை செய்பவர்களும் குறைவு. செலவு செய்து சோதித்த பிரீடரின் குட்டியும், சோதிக்காதவரின் குட்டியும் ஒரே விலைக்குப் போனால் முன்னவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

பேப்பரோடு வாங்கினால் உரிமை மாற்றப் படிவத்தையும் அன்றே வாங்கிவிடுங்கள். இது கைக்கு வராத வரை கிளப் பதிவேட்டில் குட்டி பிரீடர் பெயரில்தான் இருக்கும். ‘பேப்பர் பிறகு கொரியர்ல வரும்’ என்பதை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். மைக்ரோசிப் எண்ணை ஸ்கேனர் வைத்துச் சான்றிதழோடு ஒப்பிட எந்தக் கால்நடை மருத்துவருக்கும் ஒரு நிமிடம்தான் ஆகும்.

அப்போ பேப்பரே வேண்டாமா?

வேண்டும். நாட்டு இனங்களுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். கன்னி, கோம்பை போன்றவை குறிப்பிட்ட சில வட்டாரங்களில், குறைவான எண்ணிக்கையில்தான் வளர்க்கப்படுகின்றன. பதிவு இல்லாவிட்டால் எது எதற்குச் சொந்தம் என்றே தெரியாமல், பக்கத்து ஊர் நாயோடு சேர்த்து, மீண்டும் மீண்டும் அதே ரத்தத்துக்குள் சுற்ற வேண்டியிருக்கும். சான்றிதழின் உண்மையான பயன் இதுதான்: எந்த இரண்டு நாயைச் சேர்க்கக் கூடாது என்று அது சொல்லும். விலையை ஏற்ற மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம்.

செல்லமாக வளர்க்க மட்டும் ஒரு நாய் வேண்டும், ஷோவுக்கும் போகப் போவதில்லை, குட்டி எடுக்கப் போவதும் இல்லை என்பவர், பேப்பருக்குத் தரும் கூடுதல் பணத்தைப் பெற்றோரின் மருத்துவ முடிவு காட்டும் பிரீடருக்குக் கொடுக்கலாம். ‘ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும், அதுக்கு நல்லது’ என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. 63 நாள் கர்ப்பம், சிக்கலானால் நள்ளிரவில் சிசேரியன், ஏழெட்டுக் குட்டிக்கு நல்ல வீடு தேடும் வேலை. இதற்கெல்லாம் தயாரில்லை என்றால் கருத்தடை செய்துவிடுவதே எளிது. பெட்டை நாய்களுக்கு வயதான பின் வரும் கர்ப்பப்பைச் சீழ்க்கட்டு ஆபத்தும் அதோடு நீங்கிவிடும்.