கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்: முதலிலேயே சொல்லுங்கள்

வாடிக்கையாளரிடம் நாம் அதிகம் பேசுவது மானியத்தைப் பற்றி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்றதும் அவர் மனத்தில் அதுதான் நிற்கிறது. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும் என்பதைப் பலர் சொல்லாமலே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்குச் சப்ளையை நிறுத்தும் நாளில்தான் வீட்டுக்காரருக்கு இது தெரியவருகிறது. மாடியில் வெயில் கொளுத்துகிறது. கீழே ஃபேன் ஓடவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் அவர் நினைப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தபோதும், இத்தகைய அமைப்பு ஒரு விளக்கைக்கூட எரித்திருக்க முடியாது.

காரணத்தைச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். கம்பத்தில் ஏறிய லைன்மேன் லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பி வேலை செய்கிறார். நம் இன்வெர்ட்டர் அப்போது மின்சாரத்தைத் தள்ளினால், டிரான்ஸ்ஃபார்மர் வழியே 11,000 வோல்ட் பக்கமும் உயிர்பெறும். ஆகவேதான் சப்ளை போன 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் விலகிவிட வேண்டும் என்கிறது தரவிதி.

நின்றாக வேண்டிய இன்வெர்ட்டரை நம் வயரிங்கே ஓடவைத்துவிடுவதும் உண்டு. சோலார் இணைப்பைச் சேஞ்ச் ஓவர் சுவிட்சின் லோடு பக்கம் கொடுத்துவிட்டால், ஜெனரேட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் அதையே மின்வாரிய சப்ளை என்று எடுத்துக்கொண்டு இயங்கத் தொடங்கலாம். வீட்டில் லோடு குறைந்தால் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள் பாயும். யூபிஎஸ் அவுட்புட்டில் இணைத்தால் யூபிஎஸ்ஸே பழுதாகலாம். சேஞ்ச் ஓவருக்கு முன்னால், மின்வாரியப் பக்கத்தில் இணைப்பதுதான் சரி. கட்டிய பழைய டிபியைப் பிரிக்க மனமில்லாமல் கிடைத்த இடத்தில் வயரைச் செருகுவது மன்னிக்க முடியாத சோம்பல்.

மின்தடையிலும் ஓட வேண்டும் என்பவருக்கு ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கின்றன. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் ஆகியவற்றைத் தனி பேக்கப் லைனில் பிரித்துக் கொடுங்கள். ஏசியையும் மோட்டாரையும் அதில் சேர்த்தால் பேட்டரிச் செலவு எகிறும். மின்தடை அபூர்வமான ஊரில் பேட்டரியை வற்புறுத்தி விற்பதும் நேர்மையல்ல.

பேட்டரி இல்லாத அமைப்புக்கான அடுத்த கொட்டேஷனிலிருந்து, முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள்: "மின்தடையின்போது இந்த அமைப்பு இயங்காது." வாடிக்கையாளர் அதைப் படித்தபின் கையெழுத்து வாங்குங்கள்.