நுண்குழலைத் தாமே செய்தல்

இலையின் வடிசாற்றைச் சுண்ணத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதன் நிறங்களைப் பிரித்துக் காட்டினார் உருசிய அறிஞர் சுவெத். அம்முறைக்கு 1906-இல் 'நிற எழுத்து' எனப் பொருள்படும் குரோமட்டோகிராபி என்னும் பெயரை இட்டார். அவர் பெயருக்கும் உருசிய மொழியில் நிறம் என்பதே பொருள். சொல்லாராய்ச்சியில் பழகிய எனக்கு இஃது ஓர் இன்பம்.

இன்று புரதத்தை ஆராய்வோர் கையாளும் குழலோ, மயிரிழை புகும் அளவே துளையுடையது. மீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால், அவற்றுள் 75 கூறே அதன் உள்விட்டம். இதனை விலைக்கு வாங்கலாம். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் தம் கையாற் செய்து பழகுதலே மாணாக்கர்க்கு நன்று என்பேன். சிலிக்காக் குழலின் மேற்பூச்சைச் சுடரிற் கருக்கித் துடைத்து, அவ்விடத்தை வெப்பமூட்டி இழுத்தால் முனை ஊசிபோற் கூராகும். பின்னர், மெத்தனாலிற் கலக்கிய நுண்மணிகளை வாயுவின் அழுத்தத்தால் உட்செலுத்துவர். மணிகள் நெருங்கி அமர வேண்டும். இடையே வெற்றிடம் நேர்ந்தால், பிரிந்த புரதத்துண்டுகள் மீண்டும் கலந்துவிடும்.

நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒப்பிடுவோர்க்கு ஒரே சீரான கடைக்குழலே ஏற்றது என்பர்; அதனை மறுக்கேன். ஆனால், நடுவில் முனை அடைபட்டால், செய்தறிந்தவன் பிழை குழலிலா, மாதிரியிலா என்று காண்பான். வாங்கியே பழகியவன், அரிதிற் பெற்ற புரதத்தையும் இழந்து, விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பான்.