எந்த வெள்ளை நல்ல வெள்ளை?

வெள்ளை ஒரே நிறந்தான் என்று எண்ணுவோர் பெயிண்டுக் கடைக்கு ஒருமுறை சென்று பார்க்கட்டும்! ஐவரி, கிரீம், பால் வெள்ளை, ஹாஃப் ஒயிட் என்று வண்ண அட்டையில் வரிசையாக நிற்கும். ஒன்றுக்கொன்று கடுகளவே வேற்றுமை. வீட்டில் ஆளுக்கொன்றைக் காட்டுவர். விரல் நீள அட்டையை வைத்து அறை முழுவதற்கும் தீர்ப்புக் கூறலாமா? கூடாது என்பதே நம் கருத்து.

நிறம் தனித்து நிற்பதன்று. வெளிச்சத்தையும் அக்கம்பக்கத்தையும் சார்ந்தது. நம் கண்டனூர் வீடுகளில் வளவு முற்றத்தில் வெயில் கொட்டும்; உள்ளறையிலோ பகலிலும் மங்கல். தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் இருந்தால் அதன் சாயல் சுவரிலும் படியும். முற்றத்தில் பளிச்சிடும் வெள்ளை உள்ளறையில் சாம்பல் பூத்துத் தோன்றலாம். ஆகவே, பிடித்த இரண்டு மூன்று வெள்ளைகளை அந்தந்த அறைச் சுவரிலேயே இரண்டடிச் சதுரமாகப் பூசிக் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்ப்பதே அறிவுடைமை.

நிறத்தினும் முக்கியமானது சுவர். சுவரை வைத்துத்தானே சித்திரம்! நம் முன்னோர் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தனர். மேற்பூச்சில் முட்டை வெண்கரு கலந்து தேய்த்து மெருகேற்றினர். பளிங்கு போன்ற அந்தச் சுவரைத் துணியால் துடைத்தாலே போதும். அதன் தந்த நிறத்துக்கு ஈடு எந்த அட்டையில் உண்டு?

நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுவதை வேதியியலில் படிக்கிறோம். அச்சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளித்து உரியும். பிறகு சுரண்டும்போது பழைய பூச்சும் சேதமாகும்.

“சுண்ணாம்பு உடையில் ஒட்டும், அடிக்கடி அடிக்க வேண்டும், வேலை தெரிந்தவர் குறைவு” என்பர். உண்மைதான். புதிய சிமெண்டு வீட்டுக்கு விரும்பியதைப் பூசட்டும். ஆனால் மங்கிய பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருந்தும். துளி நீலம் கலந்தால் குளிர்ந்த வெள்ளை. சிட்டிகை மஞ்சள் காவி கலந்தால் இதமான வெள்ளை. வேண்டிய வெள்ளையை வீட்டிலேயே கலந்துகொள்ளலாமே!

2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உலகம் வியக்கும் சுவரை நாமே மூடி மறைக்கலாமா? பெற்றோரே, தோழியரே! அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அட்டையைச் சற்றே ஒதுக்கிவைத்துச் சுவரைத் தொட்டுப் பார்ப்போம்; பிறகு நிறம் தேர்வோம்!