டின் மீனும் நம் இளக்காரமும்

டின் மீன் என்றாலே நம் பக்கத்து மக்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆழ்வார்திருநகரியைத் தொட்டுச் செல்லும் தாமிரபரணி, ஆத்தூரையும் முக்காணியையும் கடந்து புன்னைக்காயலில் கடலில் கலந்துவிடுகிறது. காலையில் கரையேறிய சாளை மதியத்துக்குள் குழம்பாகிவிடக்கூடிய நிலப்பகுதி இது. இங்கே ஒருவன் தகர டப்பாவைத் திறந்து மீன் உண்கிறான் என்றால், அவனைச் சோம்பேறி என்றோ ருசி அறியாதவன் என்றோதான் ஊர் சொல்லும்.

இந்த இளக்காரத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மாழ்வார் அவதரித்த தலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு மீனைப் பற்றிப் பேசலாமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். மரக்கறி உண்போரின் ஒழுக்கத்தில் தலையிடும் எண்ணம் எனக்கு இல்லை. உண்பவர்களுக்காக மட்டுமே இதை எழுதுகிறேன். தவிரவும், இவ்வூரின் பழம்பெயர் திருக்குருகூர். குருகு என்ற சொல்லுக்கு நாரை போன்ற நீர்ப்பறவை என்றும் ஒரு பொருள் உண்டு. சிறுமீனின் அருமை அப்பறவைக்குத் தெரியாததல்ல.

பதப்படுத்திய மீன் நமக்கு அந்நியம் என்று கருதுவது முதற்பிழை. சங்கப் பாடல்களின் நெய்தல் திணையில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளுள் ஒன்று, மணலில் காயும் மீனைப் பறவைகள் கொத்திச் செல்லாதபடி பரதவர் வீட்டுப் பெண்கள் காவல் காப்பது. கருவாடு இன்றும் நம் அடுக்களையில் இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்த மாசியைத் தூத்துக்குடிக் கடைகளில் வாங்கி இடித்துச் சம்பல் செய்பவர்கள் டின்னைக் கண்டு முகம் சுளிப்பது வேடிக்கைதான். உப்பும் வெயிலும் புகையும் செய்த வேலையைத்தான் டின்னில் வெப்பம் செய்கிறது.

‘கெடாமல் இருக்க மருந்து போடுகிறார்கள்’ என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. சுத்தம் செய்த மீனை டப்பாவில் அடுக்கி, எண்ணெயோ தக்காளிச் சாறோ உப்புநீரோ ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தக் கலனில் ஏறத்தாழ 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். நம் வீட்டுக் குக்கரின் தத்துவமேதான். அவ்வெப்பத்தில் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மூடியிருப்பதால் புதியவை நுழைய வழியில்லை. பிரெஞ்சு அரசு அறிவித்திருந்த 12,000 பிராங்க் பரிசை 1810இல் பெற்ற நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டிகளில் இதைச் செய்துகாட்டினார். தகரக் கலத்துக்கான காப்புரிமையைப் பீட்டர் டூராண்ட் அதே ஆண்டில் இங்கிலாந்தில் பெற்றார். இது ஏன் பலிக்கிறது என்பதைப் பாஸ்டர் விளக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் பக்கமும் இது புதிதல்ல. சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் தொடங்கிவைத்த சென்னை மாகாண மீன்வளத் துறை, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலபார்க் கரையில் உள்ள பேப்பூரில் சாளையை டின்னில் அடைக்கும் சோதனைகளைச் செய்தது.

அந்த வெப்பத்தால் இன்னொரு நன்மையும் விளைகிறது. சாளையின் முள் கடித்தால் நொறுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடுகிறது. முள்ளோடு உண்ணும்போது 100 கிராம் டின் சாளையில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 24 கிராம் புரதமும், ஒரு நாளைய தேவையைக் காட்டிலும் மிகுதியான பி12 வைட்டமினும் கிடைக்கின்றன. வைட்டமின் டியும் ஓரளவு உண்டு. இவற்றோடு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களைப் பற்றி டென்மார்க்கின் பாங், டியர்பெர்க் ஆகியோர் 1970களில் செய்த ஆய்வுகளிலிருந்துதான் இவற்றின் புகழ் பரவியது. பின்னாளில் வணிகர்கள் இதை மாத்திரையாக்கி விற்றார்கள். ஏறத்தாழ 26,000 பேரை உட்படுத்தி 2018இல் வெளியான ‘வைட்டல்’ ஆய்வு, மீனெண்ணெய் மாத்திரையால் பெரிய இதய நோய் நிகழ்வுகள் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே காட்டியது. ஆயினும் வாரத்துக்கு இருமுறை மீன், அதிலும் எண்ணெய் மீன் உண்ணுங்கள் என்று அமெரிக்க இதயச் சங்கம் சொல்கிறது. மாத்திரை வேறு, மீன் வேறு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சாளை சிறிய மீன். குறைந்த காலமே வாழ்வது. எனவே பெரிய மீன்களில் சேர்வதுபோல் பாதரசம் இதில் சேர்வதில்லை.

எச்சரிக்கைகளையும் சொல்லிவிடவேண்டும். டின் மீனில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவறிந்து உண்ணவேண்டும். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி வருபவர்கள் சாளையைத் தவிர்ப்பது நலம். உப்பிய டப்பாவை யோசனையின்றி எறிந்துவிடவேண்டும். திறந்த பின் மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிடவேண்டும். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் டின் சூரை, எண்ணெய்ச் சத்தில் சாளைக்கும் அயிலைக்கும் ஈடாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ருசிக்கு வருவோம். இதில் நமக்கு ஆசான்கள் ஈழத்தமிழரும் மலேயத் தமிழரும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, டின் மீனை உடையாமல் இட்டுப் பிரட்டி, இறக்கும்போது தேசிக்காய் பிழிந்து பாணோடும் புட்டோடும் உண்பது இலங்கை வழக்கம். ஆல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892இல் சிங்கப்பூரில் நிறுவிய வணிகநிலையத்தின் சேவல் படம் போட்ட சார்டின் டின், அங்கே பல தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களின் சமையலில் இடம்பெற்றது. சம்பலாயிற்று, கறிபப்புக்குள்ளும் புகுந்தது. பழைய சோற்றுக்கு இது பொருந்துமா என்றால், கருவாட்டுக்கு அடுத்த இடத்தை நான் தயங்காமல் கொடுப்பேன்.

இதை வெறும் ருசி விவகாரமாக நான் கருதவில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் பெருகியிருக்கின்றன. அரிவாள்மணையில் அமர்ந்து மீன் ஆய்வதற்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. முள் பார்த்து உண்ணக் கண் ஒத்துழைப்பதில்லை. அவர்கள் முதலில் கைவிடுவது மீனைத்தான். பின் சோறும் ரசமுமே உணவாகிவிடுகிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகவும் தேவைப்படும் வயதில் இது நிகழ்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; மீன் விலை ஏறுகிறது. அந்த நாட்களுக்கும் அந்த மனிதர்களுக்கும் உரியது டின் மீன். நல்ல மீன் வாசலில் வரும் நாளில் டின்னைத் திற என்று யாரும் சொல்லவில்லை.

இதற்குத் தடையாக இருப்பது விலை. சாளை பட்டுக் குவியும் பருவத்தில் பச்சை மீனின் விலையோடு ஒப்பிட்டால் டின் மீன் பன்மடங்கு அதிகம். ஆனால் நம் கரைகளில் பிடிபடும் சாளையில் ஒரு பங்கு அரைக்கப்பட்டு மீன்தூளாகிறது. இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் தீவனமாகிறது. மனிதன் நேரடியாக உண்ணக்கூடிய ஒரு நல்லுணவு இப்படிச் சுற்றுவழியில் போவது வீண் என்பது என் கருத்து. சாளை வற்றாத செல்வமும் அல்ல. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் 3,297 டன்னாகச் சரிந்ததை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவுசெய்திருக்கிறது. கிடைக்கும் காலத்தில் சேமித்து, கிடைக்காத காலத்தில் உண்ணும் அறிவு, மீன் காயவைத்த நெய்தல் பெண்களுக்கு இருந்தது.

தூத்துக்குடியில் துறைமுகமும் மீன் பதனிடும் தொழிலும் உண்டு. தொழில் தெரிந்த பெண்களும் உண்டு. அங்கே அடைத்த சாளை டின் நியாயவிலைக் கடையிலோ கூட்டுறவுப் பண்டகசாலையிலோ முட்டைபோல் எளிய விலைக்குக் கிடைக்குமானால், தனித்திருக்கும் முதியவர்களின் தட்டுக்கு மீன் திரும்பி வரும். அரசு அதைச் செய்யும்வரை, ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்கள் அடுத்த பயணத்தில் இனிப்புப் பெட்டியோடு நான்கு சாளை டின்களையும் எடுத்துச் செல்லலாம். எளிதாகத் திறக்கும் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.