7 மணி நேரமா, 22 மணி நேரமா?



போன வாரம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கணவருக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை. பயிற்சிக்காகத் தென்கொரியா போயிருக்கிறார். இவள் குழந்தையோடு தனியாகப் போய்ச் சேர வேண்டும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், சியோல் நகரத்தின் பெயர் இந்தப் பக்கத்து வீடுகளில் பழகிப் போன பெயர்தான். ஆனால் எத்தனை தூரம் என்பது போகிறவளுக்குத்தானே தெரியும்!

"பக்கத்து வீட்டுத் தம்பி செல்போன்ல பார்த்துச் சொன்னான் அக்கா. 5,300 கிலோமீட்டராம், ஏழு மணி நேரமாம். ரெண்டு பாட்டில் பால் கரைச்சு எடுத்துக்கிட்டா போதும்தானே?"

"டிக்கெட்டைக் காட்டும்மா" என்றேன். சிங்கப்பூர் வழியாகப் போகிற டிக்கெட். தம்பி சொன்னது நேர்க்கோட்டுக் கணக்கு. சிங்கப்பூரைச் சுற்றினால் சுமார் 7,500 கிலோமீட்டர். சுங்குவார்சத்திரத்திலிருந்து காஞ்சிபுரம் போக, செங்கல்பட்டைச் சுற்றிக்கொண்டு போன கதைதான்!

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 1½ மணி. முன்னதாகப் போய்க் காத்திருப்பது 3. சிங்கப்பூர் வரை 4½. அங்கே அடுத்த விமானத்துக்கு 4. சியோல் வரை 6½. இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 1½. இன்சியோன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1. மொத்தம் 22 மணி நேரம்! அவள் முகம் வெளுத்துவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் குழந்தைக்கு ஆகாது. வீட்டில் கரைத்த பாட்டில், விமானம் ஏறுமுன்பே வீணாகிவிடும். ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் பால் பவுடரை அளந்து, ஈரமில்லாத சின்ன டப்பாக்களில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு ஒரு முறை என்றால் எட்டு வேளை. விமானம் தாமதமானால் என்று இரண்டு வேளை கூடுதல். வெந்நீர் கேட்டால் விமானத்தில் தருவார்கள். நன்றாக ஆற்றிக் கொடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பாதிக் கவலை விட்டது.

விமானம் ஏறும்போதும், முக்கியமாக இறங்கத் தொடங்கும்போதும், பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். தொட்டில் வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நீங்களும் நிறையத் தண்ணீர் குடியுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். கால் வீக்கம் குறையும்.

இன்னொன்று. கொரியக் கடிகாரம் நம்முடையதைவிட 3½ மணி நேரம் முந்தியது. திங்கள் மாலை 7-க்குக் கிளம்பினால், செவ்வாய் இரவு 8½-க்கு அங்கே வீட்டுக்குள் நுழைவாள். குழந்தையின் உடம்புக்கோ அப்போது மாலை 5 மணிதான். தூங்கு என்றால் தூங்குமா? கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே தினம் அரை மணி முன்னதாகப் படுக்க வையுங்கள். போன பிறகு காலை வெயிலைக் காட்டுங்கள். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் மருந்து ஏதாவது கொடுத்து வந்தால், எந்த நேரத்தில் கொடுப்பது என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

"ரெண்டு பாட்டிலோட கிளம்பியிருப்பேனே அக்கா!" என்று சிரித்தாள். கணக்கெழுதிய காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பயண நேரம் என்பது வாசற்படியிலிருந்து வாசற்படி வரை, சகோதரிகளே!